போகாமல் இருந்தவர்கள்: மட்டக்களப்பில் இரு அமெரிக்கக் குருமாரின் ஒரு வாரம்

1990 ஓகஸ்ட் 15, புதன்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அது மரியாளின் விண்ணேற்பு விழா. அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஒரு ஸ்கூட்டர் புறப்பட்டது. ஓட்டிச் சென்றவர் 66 வயதான அமெரிக்கக் குரு, அருட்தந்தை யூஜின் ஜோன் ஹெபர்ட். உடன் சென்றவர் ஒரு தமிழ் இளைஞர். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பயணம். இடையில் ஏறாவூர். அந்த ஸ்கூட்டர் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. இருவரும் அன்றிலிருந்து காணாமலாக்கப்பட்டவர்கள்.

அதே காலத்தில் மட்டக்களப்பு நகரில் இன்னொரு அமெரிக்கக் குரு இருந்தார். அருட்தந்தை பெஞ்சமின் ஹென்றி மில்லர். ஹெபர்ட்டைப் போலவே யேசு சபையைச் சேர்ந்தவர். இருவரும் 1948இல், இருபதுகளின் நடுவில் இருந்த இளம் துறவிகளாக, அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்தவர்கள். தோழரை இழந்த பின்னரும் மில்லர் ஊர் திரும்பவில்லை. இன்னும் 28 வருடங்கள் இங்கேயே வாழ்ந்து, 2019 ஜனவரி 1ஆம் திகதி தனது 93ஆவது வயதில் மட்டக்களப்பு மண்ணிலேயே கண்மூடினார்.

ஒருவர் காணாமலாக்கப்பட்டார். மற்றவர் காணாமலாக்கப்பட்டோரின் பெயர்களை எழுதி வைத்தார். முதுமையடைந்த இந்த இரு மிஷனரிமாரின் வாரம் எப்படிப்பட்டதாக இருந்தது, போர் அதை எப்படி மாற்றியது, அந்த வாரத்தில் எழுதப்பட்டவை இன்றும் எமக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அவர்களுக்கு முன் வந்தவர்கள்

மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரிமார் வந்த கதை ஒரு தம்பதியிடமிருந்து தொடங்குகிறது. 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட முதல் மெதடிஸ்த குழுவில் வில்லியம் ஓல்ட் என்ற இளைஞரும் அவரது மனைவியும் இருந்தார்கள். மனைவி அந்தப் பயணத்திலேயே இறந்துபோனார். அவரது உடல் கடலில் இடப்பட்டது. குழுவின் தலைவரான தோமஸ் கோக்கும் 1814 மே மாதம் கப்பலிலேயே காலமானார். எஞ்சியோர் ஜூன் மாத இறுதியில் காலியில் கரையிறங்கினார்கள். யார் எங்கே போவது என்று அங்கு தீர்மானித்தபோது மட்டக்களப்பு ஓல்டின் பங்காயிற்று.

மனைவியை இழந்து தனியாளாக வந்தவர் எட்டு மாதங்களே இங்கு வாழ்ந்தார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயால் இறந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய பள்ளிப் பணியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம். கல்லூரி தனது வயதை 1814இலிருந்து கணக்கிடுகிறது. நகரில் ஓல்டுக்குச் சிலை இருக்கிறது. பெயர் கூடச் சரியாக நினைவில் வைக்கப்படாத அவரது மனைவிக்குக் கல்லறையும் இல்லை. உடல் கிடைக்காத இழப்பு என்றால் என்ன என்பதை அறிந்த எமது மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. இரண்டு வருடங்களின் பின் அதன் பொறுப்பு பிரெஞ்சு யேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. புனித மிக்கேல் கல்லூரி அவர்களது கையில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசு சபையினர் பிரெஞ்சுக் குருமாரின் இடத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஹெபர்ட், மில்லர், வெபர், லாங் என்று மட்டக்களப்பின் மூத்த தலைமுறை இன்றும் சொல்லும் பெயர்கள் அந்த வரவில் வந்தவை. மெதடிஸ்த மிஷனரிமார் குடும்பமாக வந்தார்கள். யேசு சபையினர் மணம் முடிக்காத துறவிகள். அவர்களுக்கு சபை இல்லமே வீடு, சபைத் தோழர்களே குடும்பம்.

பள்ளிக்கூட வாரம்

போருக்கு முந்திய காலத்தில் இந்தக் குருமாரின் வாரத்தைப் பாடசாலை மணி நடத்தியது. விடியற்காலையில் திருப்பலி. பின்னர் வகுப்பு. பிற்பகலில் விளையாட்டுத் திடல். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு பங்குத் திருப்பலி.

கிழக்கில் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியது இந்தப் பிற்பகல்களில்தான். ஹெபர்ட் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் நீண்டகாலம் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக இருந்தார். மட்டக்களப்பில் அருட்தந்தை ஹரோல்ட் வெபர் அந்த வேலையைச் செய்தார். நகரின் பொது மைதானம் இன்றும் வெபர் மைதானம் என்றே அழைக்கப்படுகிறது. அருட்தந்தை லாங் என்பவர் 1950களில் வாவியில் ஒலிவாங்கியை இறக்கி, கல்லடிப் பாலத்தருகே கேட்கும் ‘பாடும் மீன்’ ஒலியைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது.

இந்தப் பாடசாலைகளின் பயன் கிறிஸ்தவர்களோடு நின்றுவிடவில்லை. காரைதீவில் பிறந்த மயில்வாகனன் என்ற மாணவன் படித்ததும் புனித மிக்கேல் கல்லூரியில்தான். பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகி, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர் அவரே. மிஷன் பாடசாலைகள் மதமாற்றத்தையும் ஒரு நோக்கமாகக் கொண்டிருந்தன என்பது உண்மை. அந்தப் பாடசாலைகளிலிருந்தே அதற்கு மாற்றான கல்வி மரபைக் கட்டியவர்களும் உருவானார்கள் என்பதும் உண்மை.

1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதுடன் குருமாரின் பாடசாலை வாழ்வு படிப்படியாகச் சுருங்கியது. ஊர் திரும்புவதற்கு அது நல்ல சாட்டாக இருந்திருக்கும். ஆனால் ஹெபர்ட் தொழிற்பயிற்சியின் பக்கம் திரும்பினார். மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்து, பல்கலைக்கழகம் போக வழியில்லாத இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பணியை நடத்தினார். தரப்படுத்தலும் வேலையின்மையும் தமிழ் இளைஞர்களை அழுத்திய காலத்தில், ஒரு தொழில் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்தத் தலைமுறை அறியும்.

வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை. பாடசாலை, வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்லும் மாடும் விறகும் படுவான்கரையில். மண்முனைத் துறையில் பாலம் வந்ததே 2014இல்தான். அதுவரை அங்கு படகும் பாதையுமே கதி.

போர்க்காலத்தில் இந்த நீர்ப்பரப்பு ஓர் எல்லையாக மாறியது. எழுவான்கரையின் நகரப் பகுதிகள் படையினரின் கட்டுப்பாட்டில் இருந்தன. படுவான்கரையின் பெரும்பகுதி நீண்டகாலம் விடுதலைப் புலிகளின் செல்வாக்கில் இருந்தது. ஒரு கரையில் இருப்பவருக்கு மறுகரைக்குப் போவதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. அரிசி கொண்டுபோனாலும் கேள்வி, மருந்து கொண்டுபோனாலும் கேள்வி. மகனைத் தேடிச் சோதனைச் சாவடிக்கு வந்த தாய்க்கும் கேள்வி. அந்தச் சூழலில் இரு கரை மக்களும் அறிந்த, அதிகாரிகளோடு ஆங்கிலத்தில் பேசக்கூடிய, ஆயுதம் தாங்காத முதியவர் ஒருவர் நகரில் இருந்தது பெரும் உதவியாக இருந்தது.

1990: வாரம் உடைந்தது

1990 ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. அடுத்த மூன்று மாதங்கள் மட்டக்களப்பு மாவட்டம் முன்னொருபோதும் காணாத கொடுமைகளைக் கண்டது.

ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் அதை மறுத்தார்கள். தமிழ்க் கிராமங்கள் மீது பழிவாங்கல்கள் நடந்தன. அயலவர்களாக வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரை ஒருவர் கடக்க அஞ்சினார்கள். ஏறாவூர் வழியாகச் செல்லும் வீதி மரண வீதியாயிற்று.

அந்த வீதியால்தான் ஹெபர்ட் பயணம் செய்தார். வாழைச்சேனையில் வன்முறைக்கு நடுவே சிக்கியிருந்த அருட்சகோதரிகளையும் அகதிகளையும் பாதுகாப்பாக வெளியேற்றும் முயற்சிக்காக அவர் அங்கு போயிருந்தார். ஏறாவூர்ப் படுகொலை நடந்து ஒரு வாரம் கூடக் கழியாத நிலையில் அதே வழியால் திரும்பினார். பிறகு அவரைக் கண்டவர் யாருமில்லை. உடலும் கிடைக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை.

மூன்று வாரங்களின் பின், செப்ரெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிடையே இருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய கிராமங்களைச் சேர்ந்த 180க்கும் மேற்பட்டோர் சத்துருக்கொண்டான் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும்.

கேட்டெழுதும் வாரம்

இதன் பின் மில்லரின் வாரத்தில் புதிய வேலை ஒன்று நிரந்தரமாகச் சேர்ந்தது. மட்டக்களப்பு சமாதானக் குழுவில் நகரின் ஏனைய பிரமுகர்களோடு சேர்ந்து அவர் பணியாற்றினார். பிடித்துச் செல்லப்பட்டவர்களின் உறவினர் குழுவிடம் வந்தார்கள். குழு அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதியது.

அந்த வேலையின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது. கடத்தப்பட்டவரின் முழுப்பெயர், வயது, முகவரி. என்ன திகதி, என்ன நேரம், எந்த இடம். வந்தவர்கள் சீருடையிலா, சாதாரண உடையிலா. என்ன வாகனம். யார் கண்டார்கள். எந்த முகாமில் கடைசியாகக் காணப்பட்டார். இவை எழுதப்பட்ட பின் முகாமுக்கோ பிரிகேட் தலைமையகத்துக்கோ போக வேண்டும். அங்கு ‘அப்படி ஒருவரை நாங்கள் கைது செய்யவில்லை’ என்ற பதில் வரும். அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் விபரம் அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும்.

பலன் கிடைத்த வாரங்கள் குறைவு. ஆனால் கைது செய்யப்பட்டவரைப் பற்றி அன்றே ஒருவர் வந்து கேட்டால், அந்தப் பெயர் வெளியே தெரிந்துவிட்டது என்பதைப் பிடித்தவர்கள் உணர்வார்கள். தடுத்து வைக்கப்பட்டவரின் பெயர் செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவில் ஏறினால் அவரை இல்லாமல் செய்வது கடினமாகும். பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நீதிமன்றத்தின் கண்ணுக்கு எட்டாத தடுப்பை அனுமதித்த காலத்தில், விரைவாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியே சாதாரண மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு.

வெளிநாட்டவருக்கும் உள்ளூரவருக்கும் இடையில்

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குருவின் சொல்லுக்கு முகாம் வாசலில் கிடைத்த மதிப்பு, அதே வேலையைச் செய்த தமிழருக்குக் கிடைக்கவில்லை. மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, ஹெபர்ட் காணாமலாக்கப்படுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1988 ஜூன் 6ஆம் திகதி, நகரிலுள்ள புனித மரியாள் ஆலய வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிற்காலத்தில், 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தில் அல்லைப்பிட்டிப் பங்குக் குருவான அருட்தந்தை ஜிம் பிறவுண் தனது உதவியாளருடன் காணாமலாக்கப்பட்டார்.

ஹெபர்ட்டின் பெயர் அமெரிக்கப் பத்திரிகைகள் வரை போனது. அவருடன் ஸ்கூட்டரில் போன இளைஞரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. சமாதானக் குழுவில் வாராவாரம் கூடிய ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு வேறொரு நாட்டின் கடவுச்சீட்டு இருக்கவில்லை. மில்லரைப் பாராட்டும்போது இவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் முழுப் பாதுகாப்பல்ல என்பதற்கு ஹெபர்ட்டே சாட்சி.

எழுதி வைத்ததன் பயன்

1994இல் ஆட்சி மாறிய பின், காணாமற்போனோர் பற்றி விசாரிக்க மூன்று ஜனாதிபதி ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. வடக்கு கிழக்குக்கான ஆணைக்குழு கே. பாலகிட்ணர் தலைமையில் இயங்கியது. வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் சம்பவங்கள் அதன்முன் விசாரிக்கப்பட்டன. சாட்சியம் சொன்னவர்களிடம் பெயரும் திகதியும் இடமும் இருந்தன. ஆணைக்குழுவின் கண்டறிதல்களின்படி வழக்குகள் நடத்தப்படவில்லை என்பது அரசின் தவறு. ஆனால் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும் வழியை அந்தப் பதிவுகள் அடைத்துவிட்டன.

குடும்பங்களின் அன்றாட வாழ்விலும் இந்தப் பதிவுகள் தேவைப்பட்டன. காணாமலாக்கப்பட்டவரின் மனைவிக்கு உதவித்தொகை, காணி மாற்றம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாடசாலை அனுமதி என எல்லாவற்றுக்கும் ஏதாவதொரு கடதாசி கேட்கப்பட்டது. 1995இன் சட்டம் மரணச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. கணவன் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட மறுத்த பெண்கள் பலர். 2016இன் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற இடமளித்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால் உருவாக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் பணியைத் தொடங்கியது. அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இழந்த தாய்மார் பலர் வீதியில் போராடுகிறார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் கையில் இருப்பது 1990இல் யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்த அதே விபரங்கள்தான்.

அவர்களுக்குப் பின்

வெளிநாட்டு மிஷனரிமாரின் காலம் மட்டக்களப்பில் முடிந்துவிட்டது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகியது. யேசு சபையின் பணியை இந்த மண்ணில் பிறந்த குருமார் நடத்துகிறார்கள். அருட்தந்தை போல் சற்குணநாயகம் உளவளத்துணைப் பணியைக் கட்டியெழுப்பினார். கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனுடன் சேர்ந்து 1996இல் அவர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒன்றாக விளையாடவும் ஓவியம் வரையவும் கதை சொல்லவும் இடம் கிடைத்தது. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் சத்துருக்கொண்டானுக்கும் பிறகு அது சாதாரண காரியமல்ல.

மில்லர் இறந்தபோது, மட்டக்களப்பில் எஞ்சியிருந்த கடைசி அமெரிக்க யேசு சபைக் குரு அவரே என்று செய்திகள் குறிப்பிட்டன. 23 வயதில் வந்தவர் 70 வருடங்களை இந்த வாவிக்கரையில் கழித்திருந்தார். அவரது வாழ்வில் ஒரே நாளில் நடந்து முடிந்த பெரிய சாதனை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. திங்கட்கிழமை செய்ததை அடுத்த திங்கட்கிழமையும் செய்தார்: போனார், கேட்டார், எழுதினார்.

அதைச் செய்ய வெளிநாட்டுக் குருதான் வேண்டும் என்பதில்லை. 1990இல் தாயாக இருந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கக் கடிதங்கள், கைதுப் பற்றுச்சீட்டுகள் பல வீடுகளில் பெட்டிக்குள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வாரம் அதைத் திறவுங்கள். கடதாசிகளைப் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ உட்கார்ந்து, பெயர், திகதி, இடம், கண்டவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள்.